முப்பத்துநான்கு பிள்ளைகளும் ஒரு பெட்டிசமும்

குருநகர்,
2.3.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் கழுத்துத் துளையைச் சுற்றியிருந்த புண் ஆறிவிட்டதா? மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அடுத்த கிளினிக் எப்போது? பிறிஜிற்றும் மருமகனும் பேத்தியும் எப்படி இருக்கிறார்கள்? போனில் எழுத்து அனுப்பினால் மகள் வாசித்துவிட்டுத்தான் உங்கள் கையில் தருகிறாள், அது பிடிக்கவில்லை என்று நான் வத்தளைக்கு வந்தபோது எழுதிக் காட்டினீர்கள். ஆகவே இனித் தபால்தான். குரல் போனாலும் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கும் ஆசை.

பதினொரு வருடம் கிளிநொச்சிக் காட்டோரப் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு ஒருவழியாக இடமாற்றம் வந்துவிட்டது. இப்போது இணுவில் பக்கத்தில் கணித ஆசிரியை. காலையில் ஒரு பஸ், பிறகு பத்து நிமிட நடை. தரம் ஏழு என் வகுப்பு. முப்பத்துநான்கு பிள்ளைகள். அதில் மூன்று பேர்தான் எங்கள் வேதம். மற்ற எல்லாரும் கந்தசுவாமி கோயில் மணியோடு எழும்புகிற பிள்ளைகள்.

போன கிழமை சதவீதம் படிப்பித்தேன். "நூறு ஆட்டிலை ஒண்டு காணாமல் போச்சுது. எத்தனை வீதம்?" என்று கேட்டேன். "ஒரு வீதம்தானே ரீச்சர், போனால் போகட்டும்" என்றான் முன்வாங்கில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். துவாரகி என்றொரு பிள்ளை மட்டும் எழுந்து, "போன ஆட்டுக்கு அது ஒரு வீதம் இல்லையே ரீச்சர்" என்றாள். "தொண்ணூற்றொன்பதையும் விட்டிட்டு அந்த ஒண்டைத் தேடிப்போன ஒரு மேய்ப்பர் கதை எனக்குத் தெரியும்" என்றேன். கேட்டார்கள், சொன்னேன். ஐந்து நிமிடம்கூட இல்லை. பிறகு கணக்குக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பிள்ளை வரவில்லை. பின்வாங்கிலிருந்து, "ரீச்சர், இண்டைக்கு எங்களிலை மூண்டு வீதம் குறையுது!" என்று சத்தம். பள்ளிக்கூடம் விட்டதும் நாலு பேர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். காய்ச்சலாம். அன்றைய கணக்கைக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

உங்கள் அன்புத் தங்கச்சி,
கொறற்றி


வத்தளை,
14.3.2024

அன்புள்ள தங்கச்சி கொறற்றிக்கு,

இறைவன் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லாரும் சுகம். புண் ஆறிவிட்டது. பேத்தி என் கழுத்தைப் பார்க்கப் பயப்படுகிறாள். அதனால் துணி சுற்றிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ உற்சாகமாக இருப்பது சந்தோசம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உவமை ஆட்டைப் பற்றியது அல்ல, மனந்திரும்புதலைப் பற்றியது. நான் அதைத் தரம் ஏழுக்கு மூன்று பாடவேளை எடுத்துப் படிப்பிப்பேன். பின்னணி, பொருள், வாழ்க்கைக்குப் பயன்பாடு என்று ஒரு ஒழுங்கு உண்டு. கணக்குக்கு நடுவில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிற விசயம் அல்ல அது.

இருபத்தெட்டு வருடம் கத்தோலிக்க சமயம் படிப்பித்தேன். என்னிடம் படித்தவர்கள் பரீட்சையில் உயர்ந்த புள்ளி எடுத்தார்கள். அவர்களில் யாரும் வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. அந்தக் காலம் வேறு.

என் பாடக்குறிப்புக் கொப்பிகள் பதினாறும் உன் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. தேவையானால் எடுத்துப் பார். தாள்களில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்.

ஒருவரும் என்னை விசாரிப்பதில்லையா?

அன்புடன் அண்ணை,
சிமியோன்


குருநகர்,
7.4.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். பூசையில் உங்களுக்காக மெழுகுதிரி ஏற்றினேன். பேத்திக்கு ஒரு சட்டை அனுப்புகிறேன், அளவு சரியா என்று எழுதுங்கள். உங்கள் கொப்பிகளை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். யார் விசாரிப்பதில்லை? கோயிலடியில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு விசயம் நடந்தது. பலகையில் நானே ஒரு பின்னக் கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டேன். துவாரகி அது பிழை என்றாள். பார்க்காமலே "இரு பிள்ளை" என்று அதட்டிவிட்டேன். பிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. எல்லாருக்கும் முன்னால் "நான் பிழை விட்டிட்டன், உன்னை அதட்டினதும் பிழை, மன்னிச்சுக்கொள்" என்றேன். "ரீச்சர்மாரும் மன்னிப்புக் கேக்கலாமோ?" என்று ஒருவன் கேட்டான். "நான் மாதம் ஒருக்கால் கோயிலிலை முழங்காலிலை இருந்து என்ரை பிழையெல்லாத்தையும் சுவாமியிட்டைச் சொல்லுறனான்" என்றேன். அவர்களுக்குப் பெரிய அதிசயம். "எல்லாத்தையுமோ?" என்கிறார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் முதல் பஸ்ஸில் போய்விடுவேன். வகுப்பறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு மேசையாகத் தொட்டு, அதில் இருக்கிற பிள்ளையின் பெயரை மனதுக்குள் சொல்லி மன்றாடுவேன். சைவப் பிள்ளை, வேதப் பிள்ளை என்ற பேதம் இல்லை. பிள்ளைகள் வருமுன் முடித்துவிடுவேன். இது வேறு யாருக்கும் தெரியாது.

இனித்தான் பெரிய சேதி. துவாரகியின் தகப்பன் யார் தெரியுமா? உங்கள் ஜெயசுதன். பீடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டு நின்ற அதே ஜெயசுதன். இணுவிலில் கலியாணம் முடித்து, அங்கேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். உடைந்த வாங்குகளை ஒட்டித்தர வந்தபோதுதான் தெரிந்தது. உங்களுக்குக் குரல் போனதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய வெள்ளியன்று குருநகர்க் கோயிலின் கடைசித் தூணடியில் நின்றார். பதினேழு வருடத்துக்குப் பிறகு.

சந்தோசமாக இருங்கள் அண்ணை.

கொறற்றி


வத்தளை,
16.4.2024

தங்கச்சிக்கு,

சுகம். சட்டை அளவு சரி.

ஜெயசுதனை எட்டு வருடம் நான் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தேன். அவனைக் குருவாகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்ப சுவாமியாரிடம் எத்தனை தரம் நடந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கம்பஸில் இருந்தாய். நான் எழுதிய கடிதங்களுக்கு அவன் பதில் போட்டதில்லை.

நீ அவனிடம் என்ன சொன்னாய்? எத்தனை தரம் கதைத்தாய்? சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுது.

சிமியோன்


குருநகர்,
28.4.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் சிறியதாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்து பிறிஜிற்றுக்கு அழைத்தேன். நல்லாச் சாப்பிடுகிறீர்கள் என்றாள். நிம்மதி.

நான் ஜெயசுதனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வாங்கின் கால் எத்தனை, எந்தக் கிழமை முடியும் என்றுதான் கதைத்தோம். கோயிலுக்கு வரும்படி நான் கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்குப் பிறகு அவராகத்தான் சொன்னார்: "என்ரை பிள்ளை வீட்டை வந்து, அப்பா, நீங்கள் ஆரிட்டையாவது மன்னிப்புக் கேட்டனீங்களோ எண்டு கேட்டாள் ரீச்சர். அதுதான் அண்டைக்குக் கோயிலுக்கு வந்தனான்." அவ்வளவுதான். பழைய விசயங்கள் ஒன்றும் நாங்கள் கதைக்கவில்லை.

இன்னொன்று. பங்குச் சுவாமி இதைக் கேள்விப்பட்டு, கோயிலில் வேதம் படிப்பிக்கிற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் வந்து பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார். மறைக்கல்வி மண்டபத்தில். நான் கணக்கு ரீச்சர், எனக்கு என்ன தெரியும்? உங்கள் கொப்பிகளில் பார்த்துத்தான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன பேசலாம் என்று எழுதுங்கள் அண்ணை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கொறற்றி


வத்தளை,
17.6.2024

அன்புள்ள என் தங்கச்சிக்கு,

நீ எப்போதும் சுகமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். பதில் எழுதச் சுணங்கியதற்குக் கோபிக்காதே. கை கொஞ்சம் உளைந்தது.

மண்டபத்தில் நீ நன்றாகப் பேசினாய் என்று சுவாமி எனக்கு எழுதியிருந்தார். எல்லாரும் கண் கலங்கினார்களாம். அந்த மண்டபத்தில் யாராவது கண் கலங்கினார்கள் என்றால் உண்மையிலேயே பெரிய காரியம்தான். எனக்குத் தெரிந்தவரை அங்கே கொட்டாவிதான் விடுவார்கள்.

உன் பள்ளிக்கூடத்தை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். அதிபரின் முழுப்பெயர் என்ன? பள்ளிக்கூடத்தின் சரியான விலாசமும், அது எந்த வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கீழே வருகிறது என்பதும் எழுதி அனுப்பு. நூலகத்துக்கு ஒரு பொதி புத்தகம் அனுப்ப யோசிக்கிறேன்.

உன்னை எப்போதும் நினைக்கும் அண்ணை,
சிமியோன்


குருநகர்,
25.7.2024

அன்புள்ள அண்ணைக்கு,

விலாசம் கிடைத்திருக்கும். புத்தகப் பொதி இன்னும் வரவில்லை. வந்தாலும் நான் இப்போது அதைத் திறக்கிற நிலையில் இல்லை.

என்மேல் ஒரு பெட்டிசம் போயிருக்கிறது. பெயர் இல்லை, ரைப் அடித்த கடிதம். வலய அலுவலகத்துக்கு ஒன்று, அதிபர் தியாகராசா சேருக்கு ஒன்று, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்று போட்டு ஒன்று. செயலாளர் பஞ்சலிங்கம் கந்தசுவாமி கோயில் தர்மகர்த்தா சபையிலும் இருக்கிறவர். கணித பாடத்தைச் சாட்டாக வைத்து சைவப் பிள்ளைகளை நான் மதம் மாற்றுகிறேனாம்.

இரண்டு அலுவலர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆட்டுக் கதை, நான் மன்னிப்புக் கேட்டது, பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சொன்னது, ஜெயசுதன் கோயிலுக்கு வந்தது எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. "இது நடந்ததோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நடந்தது என்றேன். பொய் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. விசாரணை முடியும்வரை வகுப்புக்குப் போகாமல் அதிபரின் அறைக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது.

பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரித்தார்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே வெளியே வந்தது. ரோட்டால் நடக்கும்போது தாய்மார் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

முதலில் எங்கள் ஆசிரியர் அறையில் யாரோ எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: 'பிள்ளைகள் வருமுன் மேசை மேசையாகத் தொட்டுச் செபிக்கிறார்.' அதை ஒருவரும் கண்டதில்லை அண்ணை. கண்டிருக்க முடியாது.

எனக்காக மன்றாடுங்கள். கிளினிக்குக்குத் தவறாமல் போங்கள்.

கொறற்றி


குருநகர்,
30.8.2024

அன்புள்ள அண்ணைக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்று பிறிஜிற் சொன்னாள்.

விசாரணை முடிந்துவிட்டது. பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பஞ்சலிங்கம் எழும்பினார். அவர் சொன்னது இதுதான்: "நான் இந்த ரீச்சருக்கு எதிராக் கதைக்கத்தான் வெளிக்கிட்டனான். நேற்று என்ரை மகளிட்டை, உங்களைக் கோயிலுக்குப் போக வேண்டாமெண்டு ரீச்சர் சொன்னவாவோ எண்டு கேட்டன். இல்லை அப்பா, வெள்ளிக்கிழமையிலை திருநீறு பூசாமல் வந்தால், அம்மா தேடமாட்டாவோ எண்டு எங்களைக் கேக்கிறவா எண்டாள். இதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?" இருந்துவிட்டார்.

அலுவலர்கள் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். ஆனாலும் ஊர் அமைதிக்காக, பாடப்புத்தகத்தில் இல்லாத கதைகளை வகுப்பில் சொல்வதில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் என்னை நம்பி வீட்டிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள்.

இப்போது கணக்கு மட்டும்தான். பிள்ளைகள் ஏதாவது கேட்க வாயெடுத்து, பிறகு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார்கள்.

துவாரகி வகுப்பில் இல்லை. கடிதத்தில் தகப்பனின் பெயர் இருந்ததால் ஊரில் கதை பரவிவிட்டது. புருசன் வேதத்துக்குத் திரும்பிவிட்டான், பிள்ளையையும் மாற்றப் போகிறான் என்று தாயின் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து சண்டை பிடித்தார்களாம். தாய் பிள்ளையை மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டா. ஜெயசுதன் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. ரோட்டில் கண்டால் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

என்னை ஏதாவது செய்திருந்தால் தாங்கியிருப்பேன். வந்த ஒருவரைத் திரும்பத் துரத்திவிட்டார்கள் அண்ணை.

கொறற்றி


வத்தளை,
11.9.2024

கொறற்றி,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று முகம் இல்லை.

அந்தப் பெட்டிசத்தை எழுதியது நான்.

கையால் எழுதி, சந்தியில் இருக்கிற கொம்யூனிக்கேஷன் கடையில் கொடுத்து ரைப் செய்வித்தேன். அங்கேயிருந்த பிள்ளை, "ஐயா, கீழே பேர் போடேல்லையோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையால் காட்டினேன். மூன்று உறையில் போட்டு, கொழும்பு கோட்டைத் தபால்பெட்டியில் சேர்த்தேன். வத்தளை முத்திரை விழக்கூடாது என்று பஸ் எடுத்துப் போனேன். அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

ஏன் என்று நீ கேட்பாய். உன்னுடைய முதல் கடிதத்திலேயே அது தொடங்கிவிட்டது. நான் மூன்று பாடவேளை எடுத்தும் ஒரு பிள்ளையையும் ஒரு வீட்டுக்கும் அனுப்பியதில்லை. நீ ஐந்து நிமிடத்தில் நாலு பேரை அனுப்பினாய். சந்தோசப்பட வேண்டியவன் நான். உன் கதையில் பிழை தேடித்தான் பதில் எழுதினேன். என் தொண்டையை அறுத்து எடுத்துவிட்டு, நேற்றுவரை பூசைக்கு நடுவில் கோயில் வாசலில் கதைத்துக்கொண்டு நிற்பவளாக இருந்த உனக்கு ஆண்டவர் குரலைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்துப் பேசும் உன் கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் பேத்தியிடமும் எரிந்து விழுந்தேன், குரல் இல்லாமலே.

ஜெயசுதன் விசயம் உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ எழுதவில்லை. குருமடத்துக்குப் போகமாட்டேன், இணுவில் பெட்டையைக் கலியாணம் செய்யப் போகிறேன் என்று அவன் வந்து சொன்ன அன்று, இளைஞர் கூட்டத்துக்கு நடுவில் நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். என்னுடைய எட்டு வருடத்தை வீணாக்கினாய் என்று கத்தினேன். ஆண்டவருடைய என்று சொல்லவில்லை, என்னுடைய என்றுதான் சொன்னேன். அவன் உன்னால் திரும்பி வந்தபோது, என் அறைதான் அவனைத் துரத்தியது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். பிறகு மறைக்கல்வி மண்டபத்தில் நீ பேசினாய். மேசைக்கு வலப்பக்கக் கதிரையில் உன்னை இருத்தினார்களா? அது என் கதிரை. அதைக்கூட உன்னிடம் கேட்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன்.

இன்று வலய அலுவலகத்துக்கும் அதிபருக்கும் பஞ்சலிங்கத்துக்கும் என் பெயரும் விலாசமும் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன். பெட்டிசம் எழுதியவன் நான், பொறாமையால் எழுதினேன், தங்கச்சியில் பிழை இல்லை என்று. பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். ஜெயசுதனுக்கு எழுத மூன்று தரம் தொடங்கினேன். வரவில்லை.

நீ பதில் போடாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

சிமியோன்


குருநகர்,
20.10.2024

அண்ணைக்கு,

மகரகமை கிளினிக்குக்கு இரண்டு மாதமாக நீங்கள் போகவில்லை என்று பிறிஜிற் அழுகிறாள். முதலில் அங்கே போங்கள். அது தண்டனை இல்லை, மருந்து.

எனக்கு முதலே தெரியும். மேசையைத் தொடுகிற விசயத்தை நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். பெட்டிசத்தை என் கையில் தந்து வாசிக்கச் சொன்னபோது, அந்த வரியில் கண் போய் நின்றதும் அலுவலர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உங்களுக்கு எழுதிய அடுத்த கடிதத்தில் அந்த வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நாற்பத்தெட்டு நாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். ஐந்து கிழமையாக அந்தச் சொல் வரவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் அவ்வளவு இலேசாகக் கேட்ட மன்னிப்பைக் கொடுக்க இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பதினாறு கொப்பிகளையும் அடுப்பில் போட ஒரு நாள் எடுத்தேன். முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிலுவை போட்டிருக்கிறீர்கள். திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் வைத்துவிட்டேன்.

தியாகராசா சேர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதின மனுசன் நேரிலை வரவேணும் ரீச்சர்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. என்னிடம் இல்லை. இணுவிலுக்கு. ஜெயசுதனுக்குக் கடிதம் போதாது. நான் உங்களோடு வரமாட்டேன். வீட்டில் பாய் விரித்து வைக்கிறேன், சோறு வைக்கிறேன். அங்கே நீங்கள் தனியாகப் போக வேண்டும்.

கொறற்றி


வத்தளை,
24.11.2024

அன்புள்ள தங்கச்சி கொறற்றிக்கு,

நேற்று விடியப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாளை மறுநாள் கிளினிக். நீ கட்டித்தந்த புட்டையும் மீன் பொரியலையும் பேத்தி முடித்துவிட்டாள். வீட்டுக் கிணற்றடியில் வழுக்குகிறது, கவனமாக இரு.

நான் குருநகரில் நின்ற மூன்று நாளும் நீ கண்ணால் கேட்டாய். 'பிறகு' என்று மட்டும் எழுதிக் காட்டினேன். இப்போது சொல்கிறேன்.

ஆட்டோவில் இணுவிலுக்குப் போனபோது ஜெயசுதன் பட்டறையில் இரும்புப் படலை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். நரைத்துவிட்டான். நான் எழுதிக்கொண்டு போன கொப்பியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை கை வைச்சியள். அதை நான் மறந்துபோனன் மாஸ்டர், உண்மையா. இண்டைக்கு என்ரை பிள்ளையின்ரை படிப்பிலை கை வைச்சியளே. உதை எப்படி மறக்கிறது?"

எனக்குப் பதில் சொல்லத் தொண்டை இல்லை. கொப்பியை நீட்டியபடியே நின்றேன். "எனக்கு வாசிக்க ஏலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது துவாரகி உள்ளேயிருந்து வந்தாள். என் கையிலிருந்து கொப்பியை எடுத்தாள். தகப்பன் தடுக்கவில்லை. அவள் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் வரும்போது ஆறு பக்கம் எழுதியிருந்தேன். நான் அறைந்தது, பெட்டிசம், கோட்டைத் தபால்பெட்டி எல்லாம் ஒரு சின்னப் பிள்ளையின் வாயால் கேட்டேன். என் பாவத்தை நான் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் கேட்டதில்லை. 'ரீச்சர்மேல் எனக்குப் பொறாமை' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"வயசு போன ஆக்களுக்கும் வருமோ?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"எங்கடை வகுப்பிலையும் இருக்குது" என்றுவிட்டு மீதியை வாசித்தாள்.

ஜெயசுதன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ மாஸ்டர். தேத்தண்ணி குடிக்க ஏலுமோ?" என்று கேட்டான். ஏலும் என்று கையால் காட்டினேன். அவன் மனைவி கொண்டுவந்தா. அந்த மனுசியை நான் அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். பதினேழு வருடம் பெயர்கூடக் கேட்காமல் கோபித்திருக்கிறேன்.

அவ சொன்னா: "ஐயா, நீங்கள் உங்கடை சாமியைக் கும்பிடுங்கோ, நாங்கள் எங்கடையைக் கும்பிடுறம். இவர் எங்கை போறாரோ அது அவற்றை விருப்பம், நான் மறிக்கமாட்டன். ஊர்ச் சனத்தின்ரை வாய்க்குப் பயந்துதான் பிள்ளையை மாத்தினனான். அங்கை அவள் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. அவளுக்கு அந்தக் கணக்கு ரீச்சர் வேணும்." பிறகு பஞ்சலிங்கம் வந்து போனதையும் சொன்னா. என் கடிதத்தை அவர் கோயில் சபையில் வாசித்துக் காட்டினாராம். ஊர்வாய் அடங்கிவிட்டதாம். ஜெயசுதன் எங்கள் கோயிலுக்கு வருவானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வெளிக்கிடும்போது துவாரகி ரோட்டுவரை வந்தாள். "ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ, புது வருசத்திலை நான் திரும்பி வாறன் எண்டு" என்றாள். இதை அன்றே உனக்கு எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டாததற்குக் காரணம், அவள் அதோடு நிறுத்தவில்லை. இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் பழையது உள்ளே மறுபடி அசைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அசைந்தது கொறற்றி. மூன்று நாள் உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். பஸ்ஸிலும் வைத்திருந்தேன். அவள் வருவதை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிடலாம் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதும் நினைத்தேன்.

அவள் சொன்னது இது: "எனக்குப் படிப்பிச்ச ஆக்களிலை எங்கடை ரீச்சரைப்போலை ஒருத்தரும் இல்லை எண்டும் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன்.

உன் அண்ணை,
சிமியோன்